கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ஜினின் பலத்தைத் தின்கிறதா?

கேள்வி இதுதான்: “ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிறது. மேடு ஏறும்போதும், முன்னால் போகும் வண்டியைத் தாண்ட நினைக்கும்போதும் இழுக்க மறுக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டுவிட்டது, அதை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்தால் புதிதாக வாங்கியபோது இருந்ததைவிடப் பலம் கூடும் என்கிறார் மெக்கானிக். கன்வெர்ட்டர் உண்மையிலேயே என்ஜினின் பலத்தைக் குறைக்கிறதா?”

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் பொருத்தப்பட்டு, என்ஜின் புகையிலுள்ள நச்சுகளை நீக்கும் கருவி. மெக்கானிக் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதி தவறு. அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் என்ஜினின் கழுத்தைப் பிடித்து நெரிக்கும். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டரோ, நீங்கள் ஓட்டும்போது உணரக்கூடிய அளவுக்கு எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் எத்தனையோ கன்வெர்ட்டர்கள் அறுத்தெறியப்படுகின்றன. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அபூர்வம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் என்ஜின்தான். ஆகவே உங்கள் கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும். என்ஜின் கன்வெர்ட்டரை என்ன செய்தது?

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். வெளியே தெரியும் எஃகுக் கூட்டுக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. கார்டியரைட் என்ற பீங்கான்; சில வண்டிகளில் மெல்லிய உலோகத் தகடு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் சதுர அங்குலத்துக்கு 400 கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். அந்தக் கண்களின் சுவரில் அலுமினா பூச்சு. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தூவப்பட்டிருக்கும். மூன்றும் சேர்ந்து சில கிராம்தான். அந்தச் சில கிராமுக்காகத்தான் நிறுத்தி வைத்த கார்களின் அடியில் திருடர்கள் ரம்பத்தோடு புகுகிறார்கள். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் இங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டையாக்சைடும் நீராவியும் ஆகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் தங்கள் ஆக்சிஜனை இழந்து வெறும் நைட்ரஜன் ஆகின்றன. மூன்று நச்சுகளையும் ஒரே இடத்தில் கவனிப்பதால் இதற்கு மும்முனைக் கன்வெர்ட்டர் என்று பெயர்.

“ஒரு மில்லிமீட்டர் துளை வழியாகவா இத்தனை புகையும் போகிறது, அடைக்காமல் என்ன செய்யும்?” என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முகப்பின் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். அதில் முக்கால் பங்கு திறந்த வெளி, மீதிதான் சுவர். அதாவது புகை செல்ல ஏறக்குறைய 58 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கிறது. கட்டிக்குப் புகையைக் கொண்டுவரும் 5 சென்டிமீட்டர் குழாயின் உள்பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் கூட இல்லை. வரும் வழியைப் போல மூன்று மடங்கு வழி கட்டிக்குள் இருக்கிறது. குறுகிய கண்களின் சுவரில் உரசுவதால் கொஞ்சம் தடை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து என்ஜினை அதன் உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோனால்தான் அது அளவிடக் கூடியதாகிறது. அப்போதும் இன்றைய சாதாரணக் காரில் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம் அளவில்தான் இருக்கும். அன்றாட ஓட்டத்தில் அதைக் கால் உணராது. பின்னால் தொங்கும் சைலன்சரே பல வண்டிகளில் இதைவிட அதிகம் தடுக்கிறது; அதன் மீது யாரும் பழி போடுவதில்லை!

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில்தான் கன்வெர்ட்டர் பெருமளவில் வந்தது. அக்காலத்துக் கன்வெர்ட்டர்கள் சில, தேன்கூடு இல்லாமல் சிறு உருண்டைகளை நிரப்பிய தட்டையான பெட்டிகள். அவை உண்மையிலேயே மூச்சை அடைத்தன. அதே காலத்தில் அமெரிக்கக் கார்களின் குதிரைத்திறன் எண்களும் சரிந்தன. பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971 மாடல்களிலேயே அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, குறைக்க ஆரம்பித்தார்கள். 1972-இல் குதிரைத்திறனை அளக்கும் முறையையே மாற்றினார்கள்; விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்ததால் அதே என்ஜின் காகிதத்தில் திடீரென்று இளைத்துப்போனது. கன்வெர்ட்டர் வந்து சேர்ந்தபோது குற்றம் நடந்து முடிந்திருந்தது. பழி மட்டும் அதன் தலையில் விழுந்தது.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1950களிலேயே வண்டிக்கான வினையூக்கிக் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அப்போதைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பெட்ரோலிலிருந்து ஈயம் போன பிறகுதான் கன்வெர்ட்டருக்கு வாழ்வு வந்தது.

இனி அடைப்பு விஷயம். எரிந்த வாயு எளிதாக வெளியேறவில்லை என்றால் இரண்டு கெடுதல்கள். பிஸ்டன் அதை வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. அதில் உழைப்பு வீணாகிறது. அதைவிடப் பெரிய கெடுதல், வெளியேறாத பழைய வாயு சிலிண்டருக்குள்ளேயே தங்கி இடத்தை அடைத்துக்கொள்கிறது. புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இடமில்லை. என்ஜின் தன் புகையைத் தானே மறுபடி சுவாசிக்கிறது என்று சொல்லலாம். புகையின் ஓட்டம் கூடக்கூட இந்தத் தடை வேகமாக ஏறும். மூக்கடைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை சுகமாகத்தான் இருப்பார். மாடிப்படி ஏறச் சொன்னால்தான் தெரியும். உங்கள் கார் சமதளத்தில் ஒழுங்காக ஓடி மேட்டில் மட்டும் திணறுவது இதற்குப் பொருந்துகிறது. அடைப்பு முற்றினால் ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் என்ஜின் ஏறவே ஏறாது; அதற்கும் மேல் முற்றினால் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்.

பொருந்துகிறது என்றுதான் சொன்னேன், நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும், எரிபொருள் வடிகட்டி அடைத்தாலும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சுமையில் மட்டும் தடுமாறினாலும் இதே குணம் தெரியும். கிளட்ச் நழுவினாலும் மேட்டில் இழுக்காது. ஆனால் அதைப் பிரித்தறிவது எளிது: கிளட்ச் நழுவும்போது என்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது, அடைப்பு இருந்தால் என்ஜின் சத்தமே ஏறாது.

அடைப்பை உறுதி செய்யப் பத்து நிமிட வேலை போதும். ஊகத்தில் குழாயை அறுப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்ட வேண்டும். வெறுமனே ஓடும் நிலையில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும் (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு), நிமிடத்துக்கு 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் கவலை இல்லை. அதைத் தாண்டினால் பின்னால் எங்கோ அடைப்பு. கன்வெர்ட்டரில்தானா, சைலன்சரிலா என்று பிறகு பார்க்கலாம். சைலன்சருக்குள் தடுப்புத் தகடு பெயர்ந்து வழியை மூடியதும் உண்டு. அழுத்தமானி மாட்ட வழியில்லை என்றால் என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடமானியை மாட்டலாம். நல்ல என்ஜின் ஓய்வில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச உயரம்) வரை காட்டும். சுழற்சியை 2500-இல் நிலையாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை தேங்குகிறது என்று பொருள். வண்டி ஆறிய பிறகு கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது.

ஒரு பெரிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வந்தால் “கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது” என்று பலரும் படிக்கிறார்கள். அந்தக் குறியீட்டின் பொருள் அதுவல்ல. கன்வெர்ட்டரின் சுத்திகரிக்கும் திறன் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பதுதான். பிளாட்டினம் செயலிழந்து, கண்கள் எல்லாம் திறந்தே கிடக்கும் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யாது. ஆனால் வண்டியின் இழுவையில் ஒரு குறையும் இருக்காது. மாறாக, பாதி உருகி அடைத்த கன்வெர்ட்டர், மீதமிருக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டே எந்தக் குறியீடும் தராமல் கழுத்தை நெரிக்கலாம். பி0420 வந்த வண்டிக்கு மைலேஜ் குறைந்தது என்று கன்வெர்ட்டரை மாற்றி, மாற்றிய பிறகும் மைலேஜ் ஏறாமல் விழிப்பவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள்.

கன்வெர்ட்டர் என்ஜினைப் பாதிக்கும் இன்னொரு வழி இருக்கிறது. தடையைவிட அதுதான் எனக்குச் சுவையானது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கன்வெர்ட்டரின் வசதிக்கேற்ப என்ஜினை ஓட்டும்படி இசியு என்ற கணினிக்கு உத்தரவு இருக்கிறது. மூன்று நச்சுகளும் ஒரே நேரத்தில் போக வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் போதாது. காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பித்துவிடும். என்ஜினைக் கேட்டால் அது வேறு சொல்லும். உச்ச பலத்துக்கு அதற்கு 12.5 அல்லது 13-க்கு 1 என்று பெட்ரோல் சற்றுத் தூக்கலாக வேண்டும். சிக்கனமாக ஓட 15-க்கும் மேலே, காற்று தூக்கலாக வேண்டும். 14.7 இரண்டும் இல்லாத நடுவழி. முழு ஆக்சிலரேட்டரில் பல வண்டிகளின் இசியு இந்தக் கட்டுப்பாட்டைச் சிறிது நேரம் கைவிட்டுப் பெட்ரோலைக் கூட்டிவிடுவதால் பலத்தில் நஷ்டமில்லை. சாதாரண ஓட்டத்தில் சிக்கனத்தில்தான் சற்று விட்டுக்கொடுக்கிறோம். கன்வெர்ட்டர் வாங்கும் உண்மையான வரி அதுதான், அதுவும் சொற்பம்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் என்ஜின் சற்று உரக்க, வேகமாகச் சுழல்வதைக் கவனித்திருப்பீர்கள். கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும்வரை வேலை செய்யாது. அதைச் சீக்கிரம் சூடேற்ற இசியு தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. எரிதல் பின்னுக்குப் போய், பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் புகையோடு வெளியேறிக் கன்வெர்ட்டரைச் சுடவைக்கிறது. அந்த ஒரு நிமிடம் வண்டி மந்தமாக இருப்பது கோளாறு அல்ல. சரிவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் நின்று வெறும் காற்று மட்டும் கன்வெர்ட்டர் வழியாகப் போகும். அதற்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பஞ்சுபோல் உறிஞ்சி நிரம்பிவிடும். மறுபடி மிதித்ததும் அதை வடிக்க இசியு ஓரிரு நொடி பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. இப்படி ஓட்டுநருக்குத் தெரியாமலே என்ஜின் நாள் முழுவதும் கன்வெர்ட்டருக்கு ஊழியம் செய்கிறது.

சரி, எது அதைக் கொல்கிறது? முதல் எதிரி மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் பொறி தட்டவில்லை என்றால் எரியாத பெட்ரோலும் செலவழியாத ஆக்சிஜனும் சேர்ந்தே கன்வெர்ட்டருக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பிளாட்டினம் இரண்டையும் எரிக்கிறது. சிலிண்டரில் எரிய வேண்டியது கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. ஆயிரம் டிகிரியை நெருங்கும்போதே பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு வீரியம் இழக்கின்றன. 1400 டிகிரியைத் தாண்டினால் பீங்கானே உருகிக் கண்கள் மூடிக்கொள்கின்றன. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் வைத்திருப்பது இதற்காகத்தான். மின்னினால், கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்த வேண்டும். என் பழைய காரில் வெடித்த ஓர் இக்னிஷன் காயிலை நாளை மாற்றலாம், நாளை மாற்றலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். காயிலுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு, கன்வெர்ட்டர் செலவாகப் பலமடங்கு பெருத்து வந்து சேர்ந்தது.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சில மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். இன்று கன்வெர்ட்டருக்குள் நேராகப் பெட்ரோல் ஊற்றுவதற்குச் சமம். பேட்டரி இறங்கிய வண்டியை நெடுந்தூரம் தள்ளிக் கிளப்புவதும் அப்படியே.

அடுத்த எதிரி என்ஜின் ஆயில். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரசும் துத்தநாகமும், பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரியும் வண்டிகளில் புகையோடு வந்து கண்களின் முகப்பில் மெருகு போலப் படிகின்றன. குளிர்விப்பான் திரவம் கேஸ்கட் வழியாகக் கசிந்தாலும் இதே கதை. அடியில் கல் தட்டியும், சூடான கன்வெர்ட்டர் மேல் திடீரென்று தண்ணீர் பாய்ந்தும் பீங்கான் உடைவது நடக்கும், ஆனால் குறைவு. டீசல் வண்டியின் துகள் வடிகட்டி வேறு பிறவி; அது அடைப்பதும் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்வதும் தனிக் கதை, இங்கே கலக்க வேண்டாம்.

என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே கன்வெர்ட்டர் பொருத்தப்பட்ட வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. பீங்கான் பொடியத் தொடங்கினால், வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் கணத்தில் அந்தத் துகள்கள் பின்னோக்கி சிலிண்டருக்குள் இழுக்கப்படலாம். பீங்கான் துகள் சிலிண்டர் சுவருக்கு உப்புத்தாள் மாதிரி. அதன் பிறகு ஆயில் எரியும். ஆயில் எரிந்தால் கன்வெர்ட்டர் இன்னும் கெடும்.

வெறும் குழாய் போடலாமா என்பதற்கு வருகிறேன். போட்டால், அடைத்த கன்வெர்ட்டரோடு ஒப்பிடும்போது வண்டி பறக்கத்தான் செய்யும். புதுக் கன்வெர்ட்டர் போட்டாலும் அதே அளவுக்குத்தான் பறக்கும். மெக்கானிக் இரண்டாவதைச் செய்து காட்டுவதில்லை, அதனால் பெருமை முழுவதும் குழாய்க்குப் போகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். அதை ஏமாற்ற ஒரு கருவி, பிறகு அந்த விளக்கை நம்ப முடியாமல் உண்மையான கோளாறைத் தவறவிடுவது என்று சங்கிலி நீளும். பல நாடுகளில் இது சட்டவிரோதம். புகைச் சோதனையிலும் தேறாது. “என்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) தேவை, அதனால் கன்வெர்ட்டரை எடுக்கக் கூடாது” என்று எதிர்த் தரப்பில் சொல்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. எந்த என்ஜினுக்கும் எதிரழுத்தம் நன்மை செய்வதில்லை. குழாயை மிகவும் அகலமாக்கினால் புகையின் வேகம் குறைந்து, ஒரு துடிப்பு அடுத்ததை இழுத்துச் செல்லும் விளைவு கெடும். குறைந்த சுழற்சியில் இழுவை குறைவது அதனால்தான்.

ஆகவே முதலில் அழுத்தமானி. அடைப்பு உறுதியானால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள். ஆனால் புதியதை மாட்டுவதற்கு முன் பழையதைக் கழற்றச் சொல்லி, அதன் முகப்பை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். கண்கள் உருகி மெழுகு வழிந்ததுபோல் மூடியிருந்தால் மிஸ்ஃபயரையோ, அளவுக்கு மீறிப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையோ தேட வேண்டும். வெளிறிய சாம்பல் படிவு இருந்தால் ஆயில் எங்கே எரிகிறது என்று பார்க்க வேண்டும். கரி அப்பிக் கறுத்திருந்தால் கலவை நெடுங்காலமாகப் பெட்ரோல் தூக்கலாகவே இருந்திருக்கிறது. முகப்பு சுத்தமாக இருந்து கட்டி மட்டும் விரிசல் விட்டிருந்தால் கூட்டின் அடியில் கல் தட்டிய பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் காரணத்தைச் சரிசெய்த பிறகு புதியதை மாட்டச் சொல்லுங்கள்.